உருளைக்கிழங்கும் ஒரு கும்பகோணத்துக்காரரும்

மலர்க் குழுத் தம்பிகள் வீட்டுக்கு வந்து கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "காலேஜ் நினைவுகள் வேணாம் சார். அது ஏற்கெனவே முப்பது பேர் கொடுத்துட்டாங்க. எல்லாத்துலயும் கேன்டீன் வடைதான் வருது. நீங்க பாட்டனிக்காரர், புதுசா ஏதாச்சும் எழுதுங்க" என்றார்கள். ஒத்துக்கொண்டேன். ஆனால் என்ன செய்ய, நான் எழுத நினைத்த விஷயமே நம் கல்லூரி ஆய்வகத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஒரு பாராவுக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளவும். வடை வராது.

1976-ஆம் வருஷம். வெங்காய வேர் நுனியைச் சாயத்தில் போட்டு, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, குரோமோசோம் எண்ணும் செய்முறை தாவரவியல் படித்த எல்லோருக்கும் தெரியும். வெங்காயத்துக்கு 16. தடித்தடியாக, கை காலை விரித்துக்கொண்டு கிடக்கும், குழந்தைகூட எண்ணிவிடும். ஒரு நாள் எங்கள் பேராசிரியர் மணல் சட்டியில் முளைக்கவைத்த உருளைக்கிழங்கின் வேர் நுனிகளைக் கொண்டுவந்து, "இத எண்ணுங்கடா பாப்பம்" என்றார். புள்ளி புள்ளியாய், மிளகுப் பொடி தூவினது மாதிரி தெரிந்தது. அரைமணி நேரம் கண்ணைச் சுருக்கி எண்ணி 41 என்றேன். பக்கத்து மேஜைக்காரன் 52 என்றான். "நாப்பத்தெட்டுடா. இதையே அஞ்சு வருஷம் எண்ணிக்கிட்டிருந்த மனுஷன் யாருன்னு தெரியுமா?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. "எம்.எஸ். சுவாமிநாதன்." "சார், அவரு கோதுமைக்காரராச்சே?" என்று யாரோ கேட்டார்கள். "கோதுமைக்கு முன்னாடி அவரு உருளைக்கெழங்குக்காரரு. போய்த் தேடிப் படிங்க."

நான் அப்போது தேடவில்லை. பிறகுதான் தேடினேன், அதுவும் என் சொந்தக் காரணத்துக்காக. எம்.எஸ்ஸி. முடித்ததும் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அந்த வருஷம் அப்பா படுத்த படுக்கையானார், வீட்டுக்கு மூத்தவன் நான். ரெட்டியார்சத்திரத்திலேயே ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனேன். "குரோமோசோம் எண்ணினவன் இப்ப ரூவா எண்றான், படிச்சது வீணாப் போச்சே" என்று உறவுக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் அந்தப் பேராசிரியர் சொன்னது நினைவுக்கு வரும். அஞ்சு வருஷம் உருளைக்கிழங்கு படித்தவர் ஏன் அதை விட்டார்? படித்தது என்ன ஆனது?

2023 செப்டம்பர் 28-ஆம் தேதி அவர் சென்னையில் 98-ஆவது வயதில் காலமானார். மறுநாள் ரெட்டியார்சத்திரம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பேப்பரை விரித்தேன். பசுமைப் புரட்சி, கோதுமை, நெல், விருதுகள். நான் பார்த்தவரை உருளைக்கிழங்குக்கு ஒரு வரி. அடுத்த ஆண்டு பாரத ரத்னா அறிவித்தபோதும் அப்படித்தான். அந்த ஒரு வரியைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்து எழுதுகிறேன்.

1925 ஆகஸ்ட் 7-ல் கும்பகோணத்தில் பிறந்தார். அப்பா சாம்பசிவன் அறுவை மருத்துவர். யானைக்கால் நோய்க்குப் பேர்போன ஊரில் கொசு ஒழிப்புக்கு மக்களைத் திரட்டியவர். மகனுக்குப் பதினொரு வயதாகும்போது இறந்துவிட்டார். மகனும் டாக்டராவான் என்றுதான் குடும்பம் நினைத்தது. திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்தார். 1943-ல் வங்கத்தில் பஞ்சம், லட்சக்கணக்கில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். அந்தச் செய்திகள் அவர் மனசை மாற்றின. மருத்துவத்தை விட்டுக் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்து 1947-ல் பட்டம் வாங்கினார். ஏற்கெனவே ஒரு பட்டம் கையில் வைத்திருந்தவர் மறுபடி இன்னொரு பட்டத்துக்கு உட்கார்ந்தார் என்பதை இன்றைய மாணவர்கள் கவனிக்கவும்.

அங்கிருந்து டெல்லி பூசா ஆராய்ச்சி நிலையம். அந்தச் சமயத்தில் குடிமைப் பணித் தேர்வும் எழுதினார், ஐ.பி.எஸ். கிடைத்தது. கூடவே யுனெஸ்கோ உதவித்தொகையில் நெதர்லாந்து போய் மரபியல் படிக்கும் வாய்ப்பும் வந்தது. தகப்பன் இல்லாத வீட்டில் போலீஸ் அதிகாரி வேலை என்றால் லேசா? நம் பக்கத்தில் அப்படி ஒரு ஆணை வந்தால் தேங்காய் உடைத்து ஊரையே கூட்டியிருப்பார்கள். அவர் 1949-ல் கப்பலேறி வாகனிங்கன் ஊருக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த பயிர் உருளைக்கிழங்கு.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தி, அந்தப் பயிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கு, கத்தரி, தக்காளி, சுண்டைக்காய், மணத்தக்காளி எல்லாம் ஒரே பேரினம், சொலானம். நாம் உருளைக்கிழங்கை விதை போட்டு வளர்ப்பதில்லை, கிழங்கைத்தான் நடுகிறோம். அதனால் ஒரு ரகம் என்பது ஒரே செடியின் கோடிக்கணக்கான நகல். ஒன்றுக்கு நோய் வந்தால் அத்தனைக்கும் வரும். 1840-களில் அயர்லாந்தில் பஞ்சம் வந்து பத்து லட்சம் பேர் மாண்டது இப்படித்தான். புதுக் குணம் வேண்டுமென்றால் பூவுக்குப் போக வேண்டும். மொட்டிலேயே மகரந்தப் பைகளைச் சாவணத்தால் கிள்ளி எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவினால், பச்சைத் தக்காளிக்காய் மாதிரி சின்னக் காய் பிடிக்கும். (விஷம், வாயில் வைக்கக் கூடாது.) உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான விதைகளும் நூற்றுக்கணக்கான புதுச் செடிகள். ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. அவற்றை வளர்த்து, கழித்து, கழித்து, பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒன்று மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

இன்னொரு சங்கடம், அந்த 48. உருளையின் அடிப்படை எண் 12. நாம் சாப்பிடும் உருளை நாலு தொகுதி வைத்திருக்கிறது. ஆண்டீஸ் மலையில் கிடக்கும் அதன் காட்டுச் சொந்தங்களில் 24 உண்டு, 36, 48, 60, 72-ம் உண்டு. நோயை எதிர்க்கும் குணமும் பனியைத் தாங்கும் குணமும் இந்தக் காட்டுச் சொந்தங்களிடம்தான். ஆனால் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் சம்பந்தம் கூடாது, கூடினாலும் வாரிசு மலடாகிவிடும். யாருக்கு எத்தனை, எவை ஒன்றோடொன்று சேரும் என்று ஜாதகம் பார்ப்பதுபோல் பார்ப்பதுதான் சுவாமிநாதன் எடுத்துக்கொண்ட வேலை.

நெதர்லாந்தில் கடலைத் தடுத்து மீட்ட நிலங்களில் உருளைக்கிழங்கை ஒரு நூற்புழு அழித்துக்கொண்டிருந்தது. வேரில் பொன்னிறத்தில் ஒட்டிக்கொள்ளும், அதனால் 'பொன் நூற்புழு' என்பார்கள். கடுகைவிடச் சின்ன அதன் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். மண்ணில் இருபது வருஷம்கூட உயிரோடு காத்திருக்கும். மருந்தடித்து மாளாது. எதிர்க்கும் குணம் காட்டு இனங்களில் இருக்கிறதா, அதைப் பயிருக்குள் கொண்டுவர முடியுமா என்பதுதான் 24 வயது கும்பகோணத்துக்காரருக்குக் கிடைத்த முதல் கணக்கு. இந்தப் புழுவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1950-ல் கேம்பிரிட்ஜ் போனார். ஹோவர்ட் என்ற உருளைக்கிழங்கு மரபியலாளரின் கீழ் ஆராய்ச்சி, 1952-ல் முனைவர் பட்டம். உருளை இனங்கள் எப்படிப் பிரிந்தன, அவற்றின் குரோமோசோம் தொகுதிகள் எப்படிப் பெருகின என்பதுதான் ஆய்வேடு. பிற்பாடு அவர் மனைவியான மீனாவைப் பார்த்ததும் கேம்பிரிட்ஜில்தான். காட்டு இனங்களில் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி, பயிர் உருளையோடு சேர்கிறதா என்று சோதித்து 1951-ல் அமெரிக்க உருளைக்கிழங்கு ஆய்விதழில் எழுதினார்.

இரட்டிப்பாக்குவது எப்படி என்று சொன்னால் நம்மூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கால்சிசின் என்ற மருந்து. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கும் இழைகளை அது கட்டிப்போட்டுவிடும். இரண்டு பங்கும் ஒரே செல்லில் தங்கிவிடும். இந்தக் கால்சிசின் எதில் இருக்கிறது? ஐரோப்பாவில் கால்சிகம் என்ற பூண்டில். நம்மிடம் செங்காந்தளில்! ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கம்பி கட்டிப் படரவிட்டிருக்கிறார்களே, கண்வலிக் கிழங்கு, அதேதான். அதன் விதையை வியாபாரிகள் கிலோக் கணக்கில் வாங்கிப்போவது இந்தக் கால்சிசினுக்காக. கூட்டுறவு அலுவலகத்தில் அந்த விவசாயிகளோடு பழகும்போது, இந்த விதைக்குள் இருப்பதை வைத்து என்னவெல்லாம் செய்தார்கள் என்று சொல்வேன். "கடனை எப்ப சார் குடுப்பீங்க?" என்பார்கள்.

கேம்பிரிட்ஜுக்குப் பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம். உலகத்து உருளை இனங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துக் காக்கும் நிலையம் அந்த மாநிலத்தின் ஸ்டர்ஜன் பே என்ற ஊரில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. அந்த வேலையில் இவரும் தோள் கொடுத்தார். அங்கே அவர் கையில் எடுத்தது சொலானம் அகாலே என்ற ஆண்டீஸ் மலைச் செடி. தண்டே இல்லாமல் தரையோடு தட்டையாகப் படுத்துக் கிடக்கும், உறைபனி கொட்டினாலும் கருகாது. அதன் குணத்தைப் பயிர் உருளைக்குள் கொண்டுவந்தார். பனி தாங்கும் அந்தக் கலப்பு வழியில்தான் 'அலாஸ்கா ஃப்ராஸ்ட்லெஸ்' என்ற ரகம் பின்னாளில் வந்தது. கும்பகோணத்தில் பிறந்தவர் கைபட்ட கிழங்கு துருவப் பகுதிக்குப் பக்கத்தில் விளைந்தது!

விஸ்கான்சினிலேயே வேலை தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1954 தொடக்கத்தில் ஊர் திரும்பினார். வங்கப் பஞ்சத்தைப் பார்த்து வேளாண்மைக்கு வந்தவர் அமெரிக்காவில் உட்கார்ந்து என்ன செய்வது என்பது அவர் நியாயம். ஆனால் இங்கே கையில் உருளைக்கிழங்கு வேலை இல்லை. கிடைத்தது கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு தற்காலிக வேலை. ஜப்பான் நெல்லையும் நம்நாட்டு நெல்லையும் சேர்க்கும் திட்டம். (அந்தத் திட்டத்தின் வழியில்தான் நம் தஞ்சாவூர்க்காரர்கள் 1960-களில் நட்ட ஏ.டி.டீ. 27 வந்தது.) அதே வருஷம் அக்டோபரில் பூசாவுக்குப் போனார். பிறகு கோதுமை.

எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது. ஐந்து வருஷம், மூன்று நாடு, ஒரே பயிர். திரும்பி வந்தால் வேறு பயிர். புலம்பியிருந்தால் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் உருளையை ஒரேயடியாக விட்டுவிடவும் இல்லை. 1961-ல்கூட மாகூன் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து பயிர் உருளையின் பிறப்பைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். ஆனால் அதைவிட, உருளையில் பழகிய கண்ணை அப்படியே கோதுமைக்குக் கொண்டுபோனார் என்பதுதான் என் அபிப்பிராயம். உருளை நாலு பன்னிரண்டு, 48. ரொட்டிக் கோதுமை ஆறு ஏழு, 42. அதுவும் பல தொகுதிக்காரன்தான். நம்நாட்டுக் கோதுமை நெட்டையாய் வளர்ந்தது. உரம் போட்டால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். குட்டைக் குணம் எங்கே இருக்கிறது? முதலில் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார், சரிவரவில்லை. ஜப்பானிய 'நோரின்' கோதுமையின் குட்டைக் குணத்தை வைத்து வேலை செய்த அமெரிக்கர் வோகலுக்குக் கடிதம் எழுதினார். தன்னிடம் இருப்பது குளிர்காலக் கோதுமை, மெக்சிகோவிலுள்ள போர்லாக்கைக் கேளுங்கள் என்று வோகல் வழிகாட்டினார். 1963-ல் போர்லாக் இந்தியா வந்தார். ஊர் பேர் தெரியாத தூரத்துச் சொந்தத்திடம் உள்ள ஒரு குணத்தைத் தேடிப்பிடித்து வீட்டுக்குள் கொண்டுவருவது வாகனிங்கனில் படித்த பாடம்தானே?

மீதிக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் துணை நின்றார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்தது. 1968-ல் கோதுமைப் புரட்சிக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். நிலத்தடி நீரும் மண்ணும் கெட்டது இதனால்தான் என்று சொல்பவர்களும் உண்டு. நானும் கொஞ்சம் அந்தக் கட்சிதான். ஆனால் மண்வளத்தைப் பார்க்காமல், மருந்தையும் தண்ணீரையும் கண்டபடி இறைத்தால் கேடு வரும் என்று 1968 ஜனவரியிலேயே வாரணாசி அறிவியல் மாநாட்டில் எச்சரித்தவரும் அவரே.

சரி, நம் நாட்டு உருளைக்கிழங்கை யார் கவனித்தது? 1949-ல் பாட்னாவில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கி 1956-ல் சிம்லாவுக்குப் போனது. உருளை நம் சமவெளியில் சரியாகப் பூக்காது. பகல் நீண்டும் காற்று குளிர்ந்தும் இருந்தால்தான் பூக்கும். அதனால் கலப்பு வேலை சிம்லாவுக்குப் பக்கத்திலுள்ள குப்ரி என்ற மலையூரில் நடந்தது. குப்ரி ஜோதி, குப்ரி சிந்தூரி, குப்ரி சந்திரமுகி என்று எல்லா ரகத்துக்கும் அந்த ஊர் இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்டது. இதில் புஷ்கர்நாத் என்பவரைச் சொல்லாமல் விட்டால் பாவம். அசுவினிப் பூச்சி குறைவாக இருக்கும் மாதங்களில் வட இந்தியச் சமவெளியில் விதைக்கிழங்கு நட்டு, பூச்சி பெருகுவதற்குள் இலை தழையை அறுத்துவிட்டால் நச்சுயிரி ஏறாத விதை கிடைக்கும் என்று கண்டுபிடித்தவர். மலையிலிருந்து விதை வந்தால்தான் உண்டு என்ற நிலை அதோடு போனது. சுதந்திரம் வந்த சமயத்தில் பதினைந்து லட்சம் டன் அளவில் இருந்த விளைச்சல் இன்று 5 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. சீனாவுக்கு அடுத்து நாம்தான். புஷ்கர்நாத் பேர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது அந்தப் புழு. 1961-ல் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஊட்டி உருளை வயலில் அதைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் முதல் தடவை. சுவாமிநாதன் எந்தப் புழுவுக்காக நெதர்லாந்து மண்ணில் நின்றாரோ அதே புழு, நம் நீலகிரியில்! பிறகு கொடைக்கானல் மலையிலும் தெரிந்தது. மலையிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்குக் கட்டுப்பாடு வந்தது. ஊட்டியில் உள்ள சிம்லா நிலையத்தின் கிளையில் வேலை நடந்து, 1985-ல் புழுவைத் தாங்கும் 'குப்ரி ஸ்வர்ணா' வெளிவந்தது. அதன் எதிர்ப்புக் குணமும் ஒரு காட்டு உருளையிலிருந்து வந்ததுதான். செய்தவர்கள் வேறு ஆட்கள். ஆனால் பாதை 1949-ல் பார்த்த அதே பாதை.

நம்மூருக்கு வருகிறேன். 1988-ல், உலக உணவுப் பரிசாகக் கிடைத்த பணத்தைக் கொண்டு சுவாமிநாதன் சென்னையில் தன் பேரில் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். அது நம் பக்கத்துக் கன்னிவாடியில் கிளை போட்டது. அதன் துணையோடு ரெட்டியார்சத்திரம் விதை உற்பத்தியாளர் சங்கம் வளர்ந்தது. கடன் விஷயமாக வயலுக்குப் போகும்போது நம் பக்கத்துப் பெண்கள் வீரியப் பருத்தி விதைக்குக் 'கிராசிங்' செய்வதைப் பார்ப்பேன். சாயங்காலம் மொட்டை உரித்து மகரந்தத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டு அடையாளம் வைப்பார்கள். மறுநாள் காலையில் ஆண் பூவைக் கொண்டுவந்து தடவுவார்கள். சாவணம்கூடக் கிடையாது, நகம்தான். ஒரு அம்மா என்னைப் பார்த்து, "என்ன சார் அப்படிப் பாக்குறீக? உங்க ஆபீஸ்ல இந்த வேலை இல்லையா?" என்று கேட்டார். "நான் படிச்சதே இதுதாம்மா" என்றேன். நம்பவில்லை. "அப்ப ஒரு வரிசை புடிங்க பாப்பம்" என்றார். பிடித்தேன். இருபது மொட்டில் ஏழை நசுக்கிவிட்டேன்! அன்றைக்குப் பிறகு அந்த வயலுக்கு நேரம் கிடைக்கும்போதெல்லாம் போய் வரிசை பிடித்தேன். அடுத்த பருவத்தில் அவர்கள் வேகத்தில் பாதியாவது வந்தது. சுவாமிநாதனை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. அந்தப் பருத்தி வயல்தான் எனக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம்.

போன கார்த்திகையில் வீட்டில் முளைவிட்ட உருளைக்கிழங்கு ஆறைக் கொல்லையில் நட்டேன். "ரெட்டியார்சத்திரத்துல உருளைக்கெழங்கா? மலைக்குப் போற வயசுல மலையக் கீழ கொண்டாறீங்களா?" என்று வீட்டம்மா சிரித்தாள். தழை நன்றாக வந்தது. பூ வரவில்லை, வராது என்று தெரியும். ராத்திரிக் குளிர் போதாததால் கிழங்கும் கோலிக்குண்டு அளவுதான். தை மாசம் பேரனோடு சேர்ந்து தோண்டினேன். அவன் எண்ணி 23 என்றான். நான் எண்ணினேன், 26 வந்தது. எப்படியும் அன்று மத்தியானம் தோலோடு வறுத்துத் தின்றுவிட்டோம்.